எந்தக் கையில் நூல்

2013 அக்டோபர் 17, வியாழன்

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. ‘வலக்கை மணிக்கட்டில் மஞ்சள் நூல்’ என்று எழுதியிருக்கிறேன். இன்று மதிய இடைவேளையில் ஆலீஸின் மின்னஞ்சலை மறுபடி திறந்து பார்த்தேன். அதில் இருப்பது இடக்கை.

ஆங்கிலம் விளங்காமல் வந்த பிழை என்று சொல்ல முடியாது. இடம், வலம் எனக்குத் தெரியும். கௌரி விரதம் முடியும் தீபாவளி அமாவாசையில் கோயிலில் கட்டும் காப்பு நூலை எங்கள் ஆண்கள் வலக்கையிலும் பெண்கள் இடக்கையிலும் கட்டுவார்கள். ஓர் ஆணின் மணிக்கட்டில் முடிச்சு முடிச்சாக மஞ்சள் நூல் என்று வாசித்ததும் என் கை தனக்குப் பழகியதை எழுதிவிட்டது.

பிழையை அழிக்கக் கூடாது, அடுத்த நாள் திகதி போட்டுத் திருத்த வேண்டும் என்பது வின்சன்றின் விதி. மாநகராட்சி நடத்தும் மாலை வகுப்பில் அவர் எங்களுக்குக் குடும்ப வரலாறும் ஊர் வரலாறும் தேடப் பழக்குகிறார். ஒவ்வொருவரும் ஒரு நாட்குறிப்பு வைத்திருக்க வேண்டும். எந்த மொழியிலும் எழுதலாம், தான் வாசிக்கப்போவதில்லை என்றார். ஆகவே தமிழில் எழுதுகிறேன். கடைசி வரி எப்போதும் நாளைய வேலை.

மற்றவர்கள் தங்கள் பாட்டன், பூட்டன் பிறந்த பிரெஞ்சுக் கிராமங்களை எடுத்திருக்கிறார்கள். நான் எடுத்தது இங்கிலாந்தின் தென்கிழக்கே, கென்ற் பக்கத்தில், வின்டல்ஹர்ஸ்ட் என்ற சிறிய ஊர். ஒரு பழைய தேவாலயம், அதைச் சுற்றி ஆப்பிள் தோட்டங்களும் ஆட்டுப் பட்டிகளும். ஏன் அது என்று வின்சன்ற் கேட்டார். ஆங்கிலமும் பழகலாம் என்றேன். அது முழுப் பொய்யில்லை.

அந்த ஊரின் வரலாற்றுக் குழு, தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்களின் விபரங்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. உழவர்கள், கொல்லர்கள், பிறந்த வாரமே இறந்த குழந்தைகள். எல்லோருக்கும் பெயர் உண்டு. ஒருவருக்கு மட்டும் இல்லை: ‘பெயர் தெரியாத ஆண், ஐம்பது வயது இருக்கலாம், 2009 டிசெம்பர் பனியில் கண்டெடுக்கப்பட்டவர்.’ அவரைப் பற்றி நான் கேட்டபோது மணிக்கட்டு நூலைச் சொன்னவர்தான் அந்தக் குழுவின் ஆலீஸ்.

அப்பா 2009 நவம்பரில் கலே துறைமுகத்திலிருந்து இங்கிலாந்து போகும் ஒரு லொறியில் ஒளிந்து ஏறினார். அவருடைய அகதி வழக்கு இங்கே, பிரெஞ்சு நாட்டில், கடைசியாகவும் மறுக்கப்பட்டிருந்தது. இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் எடுக்கிறேன் என்றவரின் அழைப்பு இன்றுவரை வரவில்லை. அடுத்த வசந்தத்தில் அம்மாவுக்கும் எனக்கும் விசா கிடைத்தது.

நேற்றுப் பின்னேரம் அம்மாவிடம் வலக்கை என்று சொல்லியிருந்தேன். விரதம் தொடங்கி மூன்றாம் நாள். பகல் முழுக்க அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. கேட்டுவிட்டு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். ரசத்துக்கு உப்புக் காணாது என்று என்னைப் பகிடியும் பண்ணினார்.

இன்று திருத்திச் சொன்னேன்.

“அம்மா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். அந்த ஆளுக்கு நூல் இருந்தது இடக்கையிலை.”

“வடிவாப் பாத்தனியே?”

“ஓம். ரெண்டு தரம் பாத்தனான்.”

“அப்ப அது அவர் இல்லை” என்றார் அம்மா. “ஆம்பிளையள் இடக்கையிலை கட்டுறேல்லை. வேறை ஆரோ, வேறை என்ன நூலோ.”

இன்று சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார். பசியில்லையாம். அவர் இல்லை என்று தெரிந்த பிறகு பசி போவானேன் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை இத்தனை தேடியும் கடைசியில் வேறு யாரோ என்ற ஏமாற்றமாக இருக்கலாம். எழுதிவிட்டுப் பார்த்தால் அதுவும் சரியாகத் தெரியவில்லை.

நாளை: ஆலீஸுக்கு நன்றி எழுதுவது. இடக்கை என்பது எங்கிருந்து வந்த தகவல் என்று கேட்பது.


அக்டோபர் 19, சனி

ஆலீஸ் பதில் எழுதியிருக்கிறார். அந்த ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு பஸ்சில் இருந்தபடியே எனக்கு எழுதுவாராம். இடக்கை என்பது வைத்தியரின் குறிப்பு. அதன் சுருக்கம்தான் குழுவிடம் இருக்கிறது. முழு அறிக்கை மரண விசாரணை அலுவலகத்தில். உறவினர் என்று சொல்லுபவர் முதலில் மரபணுச் சோதனைக்கு உமிழ்நீர் மாதிரி கொடுக்க வேண்டும், அதற்கான பெட்டியை அவர்களே அனுப்புவார்கள், கேட்டு அனுப்பச் சொல்லவா என்று கேட்டிருந்தார். அனுப்பச் சொன்னேன். நூல் எங்கள் ஆட்களுடையதாக இல்லாவிட்டாலும் தொடங்கியதை முடிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பழைய நிலவரைபடம் ஒன்றின் படமும் அனுப்பியிருந்தார். நூற்றெழுபது வருடத்துக்கு முன்பு தேவாலய வரிக்காக வரைந்தது. ஒவ்வொரு காணிக்கும் பெயர் உண்டு. அம்மா வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்டினேன்: பாதிரியார் துண்டு, நீள ஒழுங்கை, நரிப்பத்தை.

“அங்கையும் காணிக்குப் பேர் வைக்கிறவையோ?” என்றார் அம்மா. “நான் நினைச்சன் உது எங்கடை சனத்தின்ரை வேலை மட்டும் எண்டு. எங்கடை காணி உறுதியளிலை எழுதுற மாதிரி.”

“ஓம். வெள்ளைக்காரரும் வளவுக்குச் சண்டை பிடிச்சிருப்பினம்.”

“வேலி பிரிக்காத சனம் எங்கை இருக்கு” என்று சிரித்தார். பிறகு துணியை வைத்துவிட்டுக் கேட்டார்: “அந்த ஆளைக் கண்டெடுத்த காணிக்கு என்ன பேர்?”

நான் பார்த்து வைத்திருந்தேன். மண் வளம் இல்லாத நிலத்துக்கு அந்த ஊரார் வைத்த பெயர். தமிழில் சொன்னால் பசிக்காணி.

அம்மா மறுபடி வெற்றிலையை எடுத்தார்.

“எரிக்கேல்லையோ அவரை?”

“இல்லை அம்மா. தாட்டவை. ஊர்ச்சனம் சேந்து பெட்டி செய்விச்சு, பாட்டுப் பாடித் தாட்டவையாம்.”

“நல்ல சனம்” என்றார்.

அவர் இல்லை என்று வியாழக்கிழமை சொன்னவர் இன்று ‘அவரை’ என்று கேட்டதை இங்கே குறித்து வைக்கிறேன். மரியாதைக்காகவும் சொல்லியிருக்கலாம். எல்லாவற்றிலும் சான்று தேடுவது இந்த வகுப்பால் வந்த நோய்.

நாளை: நிலவரைபடத்தில் பெருந்தெருவையும் பசிக்காணியையும் அளந்து பார்ப்பது. லொறியிலிருந்து இறங்கிய ஒருவர் நடக்கக்கூடிய தூரமா என்று.


அக்டோபர் 22, செவ்வாய்

நடக்கக்கூடிய தூரம்தான்.

இன்று வகுப்பில் பழைய இடுகாடுகளைப் பார்க்கும் முறை. கிறிஸ்தவர்கள் தலையை மேற்கே வைத்து, கால் கிழக்கே நீட்டி, முகம் மேலே பார்க்க அடக்கம் செய்வார்கள். கடைசி நாளில் எழும்பும்போது சூரியன் உதிக்கும் பக்கம் பார்த்தபடி எழும்ப வேண்டுமாம். கல்லில் எழுத்து அழிந்துபோனாலும் தலை எங்கே, கால் எங்கே என்று தெரிந்துகொள்ளலாம். குறிப்பெடுத்தேன்.

வகுப்பு முடிந்து மார்க்ஸ் தொர்முவா பக்கமாக நடந்து வந்தேன். துருக்கிக் கடையின் கண்ணாடிக்குள் ஒருவர் கரண்டியால் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்த நினைவு வந்தது.

அப்பா கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் பழைய அறையில், கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு. கரண்டி இடக்கையில். சோறு வாய்க்குப் போக முதல் பாதி மடியில் விழுகிறது. நான் சிரிக்கிறேன். “பிரெஞ்சுக்காரனாகிட்டன் பிள்ளை, இனி விசா தருவாங்கள்” என்கிறார். வலக்கை மடியில் கிடக்கிறது, வெள்ளைக் கட்டுப் போட்டபடி.

சமையலறையில் எண்ணெய் பட்டது. அது எனக்குத் தெரியும். மறக்கவில்லை, ஆனால் நூலோடு சேர்த்து நினைத்ததே இல்லை. எப்போது நடந்தது? தீபாவளிக்கு முதலா, பிறகா? அமாவாசையன்று காப்புக் கட்டும்போது வலக்கையில் கட்டு இருந்திருந்தால் ஐயர் என்ன செய்திருப்பார்? அன்று நான் கோயிலுக்குப் போகவில்லை. பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று வீட்டில் நின்றேன்.

நினைவை நான் நம்பவில்லை. வேண்டியதைத்தான் நினைவு கொண்டுவந்து வைக்கும் என்று வின்சன்ற் சொல்வார். எனக்கு எது வேண்டும் என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை. அவர்தான் என்று தெரிய வேண்டுமா, அவர் இல்லை என்று தெரிய வேண்டுமா? இந்தத் தேடலைத் தொடங்கிய அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நாளை மறுநாள் எனக்கு அரை நாள் விடுப்பு. நாளை: ஐங்கரன் அண்ணையின் கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று விசாரிப்பது.


அக்டோபர் 24, வியாழன்

ஐங்கரன் அண்ணை அப்போது அப்பாவோடு ஒரே உணவகத்தில் வேலை செய்தவர். இப்போது லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். நான் போனபோது பெட்டி உடைத்து வெண்டிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன தங்கச்சி, கொப்பி பேனையோடை? சுகாதாரக்காரர் எண்டு பயந்துபோனன்.”

“ஒரு விசயம் கேக்க வேணும் அண்ணை. வகுப்புக்கு வரலாறு எழுதிறன்.”

“முருங்கைக்காய் வேணுமெண்டா முருங்கைக்காய், வரலாறு வேணுமெண்டா வரலாறு. வரலாறு மலிவு. வைச்சிருந்தாலும் அழுகாது.”

அப்பாவின் கை எரிந்தது எப்போது என்று கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

“அது தீபாவளிக் கிழமை. மூண்டு தீபாவளிக் கொண்டாட்டத்துக்கு றோல்ஸ் பொரிக்க ஓடர் வந்து எல்லாரும் விழுந்தடிச்சுக்கொண்டு நிண்டம். துரை அண்ணை எண்ணெய்ச் சட்டியை இறக்கேக்கை பிடி வழுக்கிப் போட்டுது.”

“தீபாவளிக்கு முதலோ?”

“முதல்தான். தீபாவளி முடிஞ்சா ஆர் அவ்வளவு றோல்ஸ் தின்னுறது?”

“எந்தக் கை அண்ணை?”

“வலக்கை. புறங்கையிலையிருந்து மணிக்கட்டு மட்டும்.”

“நிச்சயமாத் தெரியுமோ?”

“தங்கச்சி, பிறகு அவற்றை வெங்காயம் முழுக்க வெட்டினது நான். இடக்கை எரிஞ்சிருந்தா அவரே வெட்டியிருப்பார், நான் ஏன் அழப்போறன்?” ஒரு வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் போட்டார். “ஆஸ்பத்திரிக்குப் போங்கோ எண்டம். விசா இல்லை, கேள்வி கேப்பாங்கள் எண்டு போகேல்லை. கொம்மாதான் ஒவ்வொரு நாளும் கட்டு மாத்தி விட்டவ. வெள்ளை வெளேரெண்டு கட்டோடை வருவார். பொம்பிளை பாக்கப் போற மாப்பிள்ளை மாதிரி எண்டு பகிடி பண்ணுவம்.”

“அம்மாவோ கட்டினவ?”

“பின்னை ஆர்?”

நான் எழுதிக்கொண்டேன். எழுத்து நேராகவே இருக்கிறது. அண்ணை ஒரு பைக்குள் வெண்டிக்காய் போட்டுத் தந்தார். காசு வாங்க மறுத்தார். அப்பாவைப் பற்றி ஏதாவது தெரிய வந்ததா என்று கேட்கத்தான் வாயெடுத்தார் என்று நினைக்கிறேன். கேட்காமல் விட்டார்.

எனக்கு இருந்த ஒரே சாட்சி ஒரு கரண்டி. அண்ணை இரண்டாவது. மூன்றாவது சாட்சி நான்கு வருடமாக என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறார். அந்தக் கட்டை நாள்தோறும் அவிழ்த்துப் புதிதாகக் கட்டியவருக்கு அது எந்தக் கை என்று தெரியாமல் இருக்காது. ‘அப்ப அது அவர் இல்லை’ என்று அவர் சொன்ன வரி போன வியாழக்கிழமைக் குறிப்பில் அப்படியே இருக்கிறது.

நாளை: ஒன்றும் இல்லை. அம்மாவுக்குப் பின்னேர வேலை.


அக்டோபர் 26, சனி

வீட்டுக்குப் பெட்டி வந்திருக்கிறது. சிறியது. உள்ளே இரண்டு பஞ்சுக் குச்சிகளும் எப்படித் தேய்ப்பது என்று ஒரு படமும். அம்மாதான் தபாற்காரரிடம் வாங்கி மேசையில் வைத்திருந்தார். திறக்கவில்லை.

நான் கேட்டேன். எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் யோசித்து வைத்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

“அம்மா, அந்தத் தீபாவளிக்கு அப்பாவின்ரை கையிலை கட்டு இருந்ததெல்லே?”

“இருந்தது.”

“எந்தக் கை?”

“உனக்குத் தெரியாததோ? விசாரிச்சு எழுதி வைச்சிருப்பாய்.”

“அம்மா.”

“வலக்கை” என்றார். “நான்தானே கட்டுப் போட்டனான்.”

விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சிந்தவில்லை. முழுதாக விட்டு, திரியைத் தூண்டி, போத்தலை மூடிய பிறகுதான் மீதியைச் சொன்னார்.

“ஐயர் சொன்னார், கட்டுக்கு மேலை நூல் கட்டேலாது, மற்றக் கையை நீட்டுங்கோ எண்டு. நான் வேண்டாமெண்டன். ஆம்பிளைக்கு இடக்கையிலை என்னெண்டு கட்டுறது, புண் மாறட்டும், பிறகு கட்டுவம் எண்டன். பின்னாலை சனம் வரிசையிலை நிண்டு நெருக்குது. கொப்பா சிரிச்சுக்கொண்டு இடக்கையை நீட்டிப்போட்டார். சாமிக்கு இடது வலது தெரியாதோ கோசலை எண்டார்.”

“அப்ப நான் வலக்கை எண்டு சொன்ன அண்டைக்கு…”

“அண்டைக்கு நான் நிம்மதியாச் சாப்பிட்டன்.”

வலக்கை என்றால் அது அப்பா இல்லை என்று அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. அன்று அவர் இரண்டாம் தரம் சோறு போட்டது கண் முன்னே வந்தது. என் பிழை அவருக்கு ஒரு நாள் தந்திருக்கிறது. அடுத்த நாள், நல்ல மாணவி போல, திகதி போட்டு நான் அதைத் திருத்தினேன்.

“பிழையான கையிலை கட்டினது பிள்ளை. அதுதான் அது அவருக்குத் துணை போகேல்லை.”

“குளிராலை செத்த மனிசன் அம்மா. நூலாலை இல்லை.”

“எனக்கும் தெரியும்” என்றார். “தெரிஞ்சு என்ன?”

அப்பா போன பிறகும் அம்மா ஒவ்வொரு வருடமும் இந்த விரதத்தைப் பிடிக்கிறார். காப்புக் கட்டும் நாளில் தனக்கு ஒன்று கட்டிவிட்டு, புருசன் ஊரில் இல்லை, வந்ததும் கட்டுவார் என்று சொல்லி இன்னொன்று வாங்கி வருவார். சாமித் தட்டில் ஒரு பிஸ்கட் பேணிக்குள் அவை கிடக்கின்றன. நான் அதை நம்பிக்கை என்று நினைத்திருந்தேன்.

பெட்டியைக் காட்டி, இதை என்ன செய்வது என்று கேட்டேன்.

“விரதம் முடியட்டும்” என்றார் அம்மா. “அதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்டும் எழுதாதை. இந்தக் கொப்பியிலையும்.”

நாளைய வேலை இல்லை. எழுதவும் மாட்டேன்.


நவம்பர் 3, ஞாயிறு

அம்மா கேட்டது இன்றோடு முடிந்தது. ஆகவே எழுதுகிறேன்.

இடையில் செவ்வாய்க்கிழமை வகுப்பு இருந்தது. வின்டல்ஹர்ஸ்ட் பற்றி நான் பேச வேண்டிய முறை. காணிப் பெயர்களைப் பற்றி மட்டும் பேசினேன். நன்றாக இருந்தது, ஆனால் ஆட்களே இல்லையே என்றார் வின்சன்ற். இன்னும் தேடுகிறேன் என்றேன்.

இன்று கோயிலில் சனம் வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. மழை தூறியது. பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடித்தார்கள், தாய்மார் தமிழில் அதட்டினார்கள். இந்த வருடம் நான் அம்மாவோடு வரிசையில் நின்றேன். ஐயர் அம்மாவின் இடக்கையில் கட்டினார். பிறகு என் கையில். பிறகு, பழக்கத்தில், இன்னொரு நூலை எடுத்து நீட்டினார்.

“அவர் இன்னும் லண்டனிலைதானோ அம்மா?”

“ஓம் ஐயா” என்றார் அம்மா. “அந்தப் பக்கம்தான்.” வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து, விரதம் முடிக்கும் பாறணைச் சோறு சாப்பிட்டோம். கோப்பைகளைக் கழுவி வைத்த பிறகு அம்மா தானே பெட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். படத்தில் உள்ளபடி வாயின் உட்பக்கத்தில் தேய்த்தேன், ஒரு கன்னத்துக்கு ஒரு குச்சி. அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். மூடி ஒட்டினேன்.

பிறகு கைக்குட்டையை அவிழ்த்து அந்த நூலை மேசையில் வைத்தார்.

“இதை அந்தப் பஸ் ஓட்டுற பிள்ளைக்கு அனுப்பு. வலக்கையிலை கட்டச் சொல்லு.”

“அம்மா, அவர் மண்ணுக்குள்ளை.”

“எனக்குத் தெரியும்.”

“மறுமொழி வர முதலோ?”

“மறுமொழி உனக்கு” என்றார் அம்மா. “எனக்கு என்னத்துக்கு? நான் கட்டுப் போட்ட கை.”

நெற்றிப் பொட்டை அவர் இன்னும் அழிக்கவில்லை. எப்போது அழிப்பார் என்று எனக்குத் தெரியாது; கேட்கவும் மாட்டேன். கடிதம் வரும் நாளில் நான் எந்த முகத்தோடு கதவைத் திறந்து உள்ளே வருவது என்றும் தெரியாது. பெயர் இல்லாத ஒருவருக்குப் பெயர் தேடிக் கொடுக்கிறேன் என்றுதான் தொடங்கினேன். அந்த ஊரின் இணையப் பக்கத்தில் ‘இராஜதுரை’ என்று அப்பாவின் பெயர் ஏறும்போது, இந்த வீட்டில் இனி யாரும் யாருக்காகவும் இரண்டாவது நூல் வாங்கப்போவதில்லை.

வகுப்புக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். தலை மேற்கே, கால் கிழக்கே, முகம் மேலே. பேனையை மேசையில் அப்படிக் கிடத்தி, இரண்டு தரம் சரிபார்த்தேன். இந்த முறை பழக்கத்தில் எழுதவில்லை.

நாளை: வேலைக்கு முன் தபாலகம். பெட்டி பதிவுத் தபாலில். நூல் தனி உறையில், ஆலீஸுக்கு. அந்தக் குழியிலும் தலை மேற்கேதானா என்று அவரிடம் கேட்க வேண்டும். அப்படியென்றால் வலக்கை தெற்குப் பக்கம். அந்தப் பக்கத்து மண்ணில் வைக்கச் சொல்லி எழுத வேண்டும்.